கடல் ஏறிய கோடு எங்கே?

1964 டிசம்பர் 22 இரவு புயலில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயிலும் தப்பவில்லை. ஊர் அழிந்த கதை நம் எல்லோருக்கும் தெரியும். எந்த இடத்தில் தண்ணீர் எத்தனை அடி ஏறியது என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறோம். அடுத்த புயலுக்கு வேண்டியது அந்தக் கணக்குதான்.

அதை இன்றும் மீட்க முடியும். காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உயரும். 50 மில்லிபார் குறைந்தாலும் அரை மீட்டர்தான். மிச்சமெல்லாம் காற்றின் வேலை. பாக் நீரிணை போன்ற ஆழமற்ற கடலில் அது தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்து கரையில் குவிக்கிறது. ஆகவே பழைய அழுத்தப் பதிவுகளும் கப்பல் குறிப்பேடுகளும் கிடைத்தால் புயல் வந்த வழியை வரையலாம். கடலின் ஆழத்தையும் அன்றைய ஓத நேரத்தையும் சேர்த்துக் கணினியில் இட்டால் தண்ணீர் ஏறிய உயரம் ஏறத்தாழத் தெரிந்துவிடும். அது சரிதானா என்று சொல்ல ஊரார் சாட்சி வேண்டும்.

இது புதிய வழியல்ல. 'சைக்ளோன்' என்ற சொல்லை 1848-இல் உருவாக்கிய ஹென்றி பிடிங்டன், கல்கத்தாவில் இருந்தபடி மாலுமிகளின் குறிப்பேடுகளைத் திரட்டியே புயல்களை ஆராய்ந்தார். மாத்லா ஆற்றங்கரையில் துறைமுகம் கட்டினால் கடல் புகுந்து அழிக்கும் என்று 1853-இல் தலைமை ஆளுநர் டல்ஹௌசிக்கு எழுதினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அங்கே கேனிங் துறைமுகம் எழுந்தது; 1867 புயலில் கடல் உள்ளே புகுந்தது; சில ஆண்டுகளில் துறைமுகமே கைவிடப்பட்டது. கணக்கு ஒருவர் கையில் மட்டும் இருந்தால் அது கடிதத்தோடு நின்றுவிடும்.

எனவே இந்த வேலையில் எல்லோருக்கும் பங்கு உண்டு. வானிலைத் துறையும் துறைமுகங்களும் ரயில்வேயும் பழைய ஏடுகளைப் படியெடுத்துப் பொதுவில் வைக்கட்டும். கல்லூரி மாணவர்கள் அவற்றிலுள்ள எண்களைக் கணினியில் ஏற்றட்டும். கோயில், தேவாலய, பள்ளிவாசல் குறிப்புகளையும் சுவரில் நின்ற நீர்க்கறையையும் ஊர்ப் பஞ்சாயத்துகள் காட்டட்டும்.

இதில் ஓர் அச்சமும் இருக்கிறது. கடல் ஏறிய எல்லைக்குக் கோடு போட்டால் முதலில் தங்களைத்தான் காலி செய்யச் சொல்வார்கள் என்று மீனவர்கள் நினைப்பதில் நியாயம் உண்டு. குப்பத்துக்கு ஒரு சட்டம், உல்லாச விடுதிக்கு ஒரு சட்டம் என்றால் எந்தக் கோட்டையும் யாரும் மதிக்கமாட்டார்கள். அந்தக் கோடு முதலில் புயல் காப்பகத்தை எங்கே கட்டுவது, எந்தத் தெரு மக்களை எப்போது வெளியேற்றுவது என்று சொல்லப் பயன்படட்டும். இந்த உறுதியை அரசு எழுத்தில் தர வேண்டும். தாங்களே கூடி வரைந்த கோட்டை மக்கள் மறுக்கமாட்டார்கள்.

1964-இல் பத்து வயதாக இருந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். 'இதுவரைக்கும் தண்ணி நின்னுச்சு' என்று அவர்கள் கைகாட்டும் உயரத்தை வரும் ஐப்பசிக்குள் அளந்து எழுதிவிடுவோம்.