ஏர்கன் 'பவர்' ஏத்தினால் என்ன ஆகும்? 20 ஜூல் எல்லை சொல்வது என்ன? | முழு விளக்கம்

திருவிழாக் கடையில் பலூன் சுடுவதில் இருந்து தோட்டத்தில் மயில் விரட்டுவது வரை, ஏர்கன் என்றால் பலருக்கும் அது ஒரு விளையாட்டுச் சாமான்தான். சில ஆயிரம் ரூபாய்க்கு, லைசென்ஸ் இல்லாமலே கிடைக்கிறது. வாங்கிய கொஞ்ச நாளில் அடுத்த ஆசை வரும்: "கழட்டி, ஸ்பிரிங்கை மாத்தி, பவர் ஏத்துனா என்ன?"

கயத்தாறு, கோவில்பட்டி போன்ற கரிசல் காட்டில் இந்தக் கேள்வி இன்னும் சீரியஸானது. மானாவாரியில் போட்ட மக்காச்சோளத்தையும் பயறு வகைகளையும் காட்டுப்பன்றியும் மானும் மயிலும் அழிப்பதாக விவசாயிகள் வருஷக்கணக்கில் புகார் சொல்லி வருகிறார்கள். கையில் துப்பாக்கி இருக்கும்போது அதன் வேகத்தைக் கூட்டிப் பார்க்கலாமே என்ற எண்ணம் வருவது இயல்பு.

ஆனால், வீட்டில் செய்யும் எல்லா வேலையும் ஒன்றல்ல. ஒரு வகை வேலை துப்பாக்கியைச் சரியாக்கும். இன்னொரு வகை, சுடுபவரை வழக்கில் கொண்டுபோய் நிறுத்தும்.

உள்ளே நடப்பது என்ன?

விலை குறைந்த ஏர் ரைஃபிள்களில் பெரும்பாலானவை ஸ்பிரிங்-பிஸ்டன் வகை. குழலை மடக்கும்போது உள்ளே உள்ள ஸ்பிரிங் சுருங்கி, பிஸ்டன் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். விசையை அழுத்தியதும் ஸ்பிரிங் விரிந்து பிஸ்டனை முன்னால் தள்ளும். அந்த அழுத்தத்தில் நெருக்கப்படும் காற்றுதான் பெல்லட்டை வெளியே துரத்துகிறது. வெடிமருந்து எதுவும் இல்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே, பிஸ்டன் நகரும் அதிர்வு துப்பாக்கி முழுக்கப் பரவிவிடும். குறி தப்ப இதுதான் முக்கியக் காரணம். பவர் குறைவாக இருப்பதால் அல்ல.

எதைச் சரிசெய்தால் குறி கூடும்?

விலை குறைந்த மாடல்களில் உதிரிப் பாகங்களின் ஓரங்கள் சொரசொரப்பாகவே வரும். அந்தப் பிசிறை நீக்குவது, ஸ்பிரிங்குக்கும் பிஸ்டனுக்கும் உரிய கிரீஸை அளவாகத் தடவுவது, குழல் மூடும் இடத்தில் தேய்ந்துபோன வாஷரை மாற்றுவது, கட்டையில் லூசான ஸ்க்ரூக்களை இறுக்குவது, குழலைச் சுத்தம் செய்வது - இவைதான் பலன் தரும் வேலைகள். நாலைந்து வகை பெல்லட்டைச் சுட்டுப் பார்த்து, அந்தக் குழலுக்கு ஒத்துப்போவதைத் தேர்ந்தெடுத்தாலே பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும். இதில் எதுவும் வேகத்தைக் கூட்டுவதற்காகச் செய்வதில்லை.

ஸ்க்ரூ இறுக்குவது, குழல் துடைப்பது வரை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். உள்பாகத்தைத் திறப்பது அப்படியல்ல. குழல் மடக்காத நிலையிலும் ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தில்தான் இருக்கும். அதை அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் பூட்டைக் கழட்டினால், அது சீறி வந்து முகத்திலோ கையிலோ அடிக்கும்.

பவர் ஏத்தினால்?

கடினமான ஸ்பிரிங் போட்டால் வேகம் ஓரளவு கூடும். கூடவே உதறலும் கூடும், குறி கெடும், வாஷர் சீக்கிரம் தேயும். காற்றறைக்குள் எண்ணெய் விட்டுச் சுடுவது இன்னும் மோசம். நெருக்கப்பட்ட காற்றின் சூட்டில் எண்ணெய் எரிந்து, டீசல் இன்ஜின் போல உள்ளேயே வெடிக்கும். ஸ்பிரிங்கும் சீலும் உடையும். துப்பாக்கியின் வேகமும் யார் கட்டுப்பாட்டிலும் இருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

1799 அக்டோபர் 16-ல் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். அதன் பின் 1801-ல் பாளையக்காரர் சீமையில் ஆயுதம் வைத்திருக்கவே கம்பெனி தடை போட்டது. இன்று நடைமுறையில் இருப்பது 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம்.

இந்தச் சட்டத்தில் துப்பாக்கி என்பது வெடிமருந்தால் சுடுவது மட்டுமல்ல. 'வேறு வகை ஆற்றலால்' குண்டைச் செலுத்துவதும் அதில் அடங்கும். அதாவது ஏர்கன் சட்டத்துக்கு வெளியே இல்லை. அதற்கு விலக்குதான் தரப்பட்டிருக்கிறது. 2016 ஆயுத விதிகளின்படி அந்த விலக்குக்கு இரண்டு எல்லைகள்: குழலின் விட்டம் 4.5 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது, குண்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டக்கூடாது. தாண்டினால் லைசென்ஸ் கட்டாயம்.

20 ஜூல் என்றால் எவ்வளவு? அரை கிராமுக்குச் சற்று கூடுதலான (0.52 கிராம்) பெல்லட் விநாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போனால் சுமார் 10 ஜூல். அதே பெல்லட் 277 மீட்டரைத் தொட்டால் ஏறக்குறைய 20 ஜூல். வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, ஆற்றல் இரட்டிப்பாகிவிட்டது. கடையில் வாங்கியபோது விலக்குக்குள் இருந்த துப்பாக்கி, வீட்டில் செய்த மாற்றத்தால் எல்லை தாண்டினால், அது லைசென்ஸ் இல்லாத ஆயுதம்தான். துப்பாக்கியை மாற்றியமைக்கவும் உரிமம் வேண்டும் என்கிறது சட்டத்தின் 5-வது பிரிவு.

பன்றி, மயிலைச் சுடலாமா?

கூடாது. ஏர்கன் 20 ஜூலுக்குள் இருந்தாலும் கூடாது. 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் எந்த ஆயுதத்தால் நடந்த வேட்டை என்று பார்ப்பதில்லை. மயிலும், வல்லநாடு சரணாலயத்தில் பாதுகாக்கப்படும் வெளிமானும் முதல் அட்டவணையில் உள்ளவை. அவற்றை வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. புள்ளிமான், காட்டுப்பன்றி இரண்டும் இரண்டாம் அட்டவணையில் இருக்கின்றன.

நடைமுறையிலும் இது உதவாது. 4.5 மி.மீ. பெல்லட் காட்டுப்பன்றியைக் கொல்லாது. காயப்படுத்தி வெறி ஏற்றும். அந்தப் பன்றி அடுத்த நாள் காலையில் களை எடுக்க வருபவர் மீதுதான் பாயும்.

காட்டுப்பன்றிக்கு 2025 ஜனவரியில் தமிழக அரசு தனி நடைமுறை அறிவித்தது. காப்புக்காட்டில் இருந்து 1 கி.மீ. வரை சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். அங்கும் சுடுவது வனத்துறைதான், விவசாயி அல்ல. பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு கேட்டு வனத்துறையிடம் மனுக் கொடுக்கவும் வழி இருக்கிறது. இழப்பீடு கிடைக்கத் தாமதமாகலாம்; ஆனால் அந்த மனு விவசாயி மீது வழக்காகத் திரும்பாது.

அப்படியானால் ஏர் ரைஃபிள் எதற்கு?

குறி பழகுவதற்கு. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரீஸ் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டது 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பிரிவில்தான். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும் இதே பிரிவில். போட்டி ரைஃபிள்கள் ஸ்பிரிங் வகை அல்ல, முன்கூட்டியே அடைத்த காற்றில் இயங்குபவை. இருந்தும் அவற்றின் ஆற்றல் ஏறத்தாழ 8 ஜூல்தான். இலக்கின் நடுவில் உள்ள 10 புள்ளி வட்டத்தின் விட்டமோ வெறும் அரை மில்லிமீட்டர்.

ஒலிம்பிக் தங்கத்துக்கே 8 ஜூல் போதும் என்றால், வீட்டு ரைஃபிளில் கூட்ட வேண்டியது பவர் அல்ல, குறிதான். கையில் எடுக்க வேண்டியது கிரீஸும் ஸ்க்ரூடிரைவரும். கடின ஸ்பிரிங் கடையிலேயே இருக்கட்டும்.