'விருப்பம்போல் வைத்துக்கொள்ளலாம்' என்பது விடையல்ல

பொறியாளர்களாகிவிட்ட என் மாணவச் செல்வங்களுக்கு, இன்று கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். சொந்தக்காரர்களும் படியுங்கள். நடந்தது நம் வீட்டில்தான்.

பெரியண்ணனுக்கு ஞாபக மறதி முற்றிவிட்டது உங்களில் பலருக்குத் தெரியும். வாசல் கதவு திறந்திருந்தால் கிளம்பிவிடுவார். வெளிநாட்டில் இருக்கும் அவர் மகள் அங்கிருந்தபடியே ஒரு செயலியை ஏற்பாடு செய்தாள். அவர் சட்டைப்பையில் போன், வீட்டைச் சுற்றி ஒரு வட்டம். வட்டத்தைத் தாண்டினால் எங்கள் நான்கு பேர் போனிலும் மணி அடிக்கும். நல்ல யோசனைதான். ஆனால் செட்டிங்கைத் திறந்தால் தலை சுற்றியது. ஆரம், இடைவெளி, துல்லியம், கிழமை, வேகம், போதாததற்கு 'இது இருந்து அது இல்லாவிட்டால்' என்று நிபந்தனை கோக்க ஒரு தனிப் பக்கம். கம்ப்யூட்டர் படித்த தங்கை மகனுக்கே அரை நாள் ஆயிற்று.

வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை. அது வெளியே இருக்கவேண்டும் என்று சின்ன வட்டம் போட்டோம். வீட்டுக்குள் இருக்கும் போன் பத்து இருபது மீட்டர் தள்ளி இடம் காட்டுவது சாதாரணம். அண்ணன் நாற்காலியை விட்டு எழவே இல்லை, மணி அடித்துக்கொண்டே இருந்தது. போனார், வந்தார், போனார், வந்தார். ஒரு வாரத்தில் ஒவ்வொருவராகச் சத்தத்தை அணைத்தோம். முதலில் அணைத்தவன் நான்.

பிறகு ஒரு சாயங்காலம் உண்மையிலேயே போய்விட்டார். அறிவிப்பு சரியாக வந்திருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. ராத்திரி ஒன்பதரை மணிக்குப் பேருந்து நிலையத்தில் கிடைத்தார். ஒரு பூக்காரம்மா அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்திருந்தார். அந்த அம்மா நன்றாக இருக்கட்டும்.

இதே துறையில், பல நிறுவனங்களுக்கும் பொதுவான விதிமுறை எழுதும் குழுவில் இருக்கும் ஒரு மாணவனிடம் சொல்லிப் புலம்பினேன். அவன் சொன்ன பதில்தான் இந்தப் பதிவுக்குக் காரணம். "சார், யாருக்கு என்ன தேவைன்னு நமக்குத் தெரியாதே. அதனால எல்லாத்தையும் ஃப்ளெக்ஸிபிளா விட்டுடறோம்."

தம்பி, அதற்குப் பெயர் நெகிழ்வு இல்லை. முடிவெடுக்க வேண்டிய நீ, எடுக்காமல், அந்த வேலையை எழுபத்தைந்து வயதுக் கிழவன் தலையில் கட்டியிருக்கிறாய்.

இடம் மாறினால் எப்போது தகவல் சொல்வது என்று தீர்மானிக்கும் வடிகட்டிக்கு உலக அளவில் ஒரு விதிமுறை இருக்கிறது. இணைய விதிமுறைகளை வகுக்கும் ஐஈடிஎஃப் 2012 ஜனவரியில் வெளியிட்ட ஆர்எஃப்சி 6447. அதில் உள்ள நிபந்தனைகளைக் கைவிரலில் எண்ணிவிடலாம். இத்தனை மீட்டர் நகர்ந்தால் சொல். வேகம் இந்த அளவுக்கு மாறினால் சொல். முகவரியில் ஊரோ தெருவோ மாறினால் சொல். ஓர் எல்லைக்குள் நுழைந்தாலோ வெளியேறினாலோ சொல். எத்தனை நேரத்துக்கு ஒருமுறை சொல்லலாம் என்பதற்கு ஒரு கட்டுப்பாடு. ஏறக்குறைய அவ்வளவுதான்.

அதில் 'நகர்ந்தால்' என்பதற்கு அவர்கள் கொடுத்த வரையறையைப் பாருங்கள். கடைசியாக அறிவிப்பு அனுப்பியபோது இருந்த இடத்திலிருந்து இத்தனை மீட்டர். எங்கிருந்து அளப்பது என்பதை உபயோகிப்பவரிடம் கேட்கவில்லை, அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். இருநூறு மீட்டர் என்று வைத்தால், நாற்காலியில் இருப்பவரின் புள்ளி இருபது மீட்டர் ஆடினாலும் மணி அடிக்காது. யோசித்து எடுத்த ஒரு முடிவு, நம் வீட்டில் பத்துப் பொத்தான்களால் ஆகாத வேலையைச் செய்கிறது.

"அப்படியானால் சிக்கலான தேவைகளுக்கு என்ன செய்வது சார்?" என்பீர்கள். அதற்கும் வழி உண்டு. இந்த விதிமுறைக்கு அடித்தளம் 2006-ல் வந்த ஆர்எஃப்சி 4661. அதன்படி ஒரு தூண்டலுக்குள் இருக்கும் நிபந்தனைகள் எல்லாம் சேர்ந்து நிறைவேற வேண்டும். பல தூண்டல்கள் இருந்தால் ஏதாவது ஒன்று போதும். உள்ளே 'மற்றும்', வெளியே 'அல்லது'. கணக்கு வகுப்பில் தர்க்கம் நடத்தியபோது தூங்காமல் இருந்தவர்களுக்கு ஞாபகம் வரும்: இந்த இரண்டை வைத்து எவ்வளவு சிக்கலான கூற்றையும் கட்டிவிடலாம், தனி நிபந்தனைகளும் அவற்றின் மறுப்புகளும் தெளிவாக இருந்தால் போதும்.

அதற்காக எதையும் சுருக்கினால் நல்லது என்று சொல்லவில்லை. அந்தப் பக்கத்துத் தவறும் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. ஆப்பிள், ஆண்ட்ராய்டு இரண்டிலும் எல்லை என்று செயலிகளுக்குக் கிடைப்பது வட்டம்தான். ஒரு மையம், ஓர் ஆரம். ஆரம் குறைந்தது நூறு, நூற்றைம்பது மீட்டர் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும் என்று ஆண்ட்ராய்டு குறிப்பே சொல்கிறது. அவ்வளவு பெரிதாக வரைந்தால் ரயில் பாதை வட்டத்துக்குள் வந்துவிடுகிறது. அண்ணன் தண்டவாளத்தில் நின்றாலும் 'வீட்டில் இருக்கிறார்' என்றுதான் காட்டும். சின்னதாக வரைந்தால் ஓயாத மணி. இங்கே தேவை ஒரு பலகோணம். பேரிடர் எச்சரிக்கைக்கான சிஏபி விதிமுறையில் இடத்தைக் குறிக்க வட்டமும் உண்டு, பலகோணமும் உண்டு, நிர்வாகக் குறியீடும் உண்டு. நம் நாட்டு 'சசேத்' எச்சரிக்கை அந்த விதிமுறைப்படிதான் வருகிறது. புயல் வட்டமாக ஊருக்குள் வராது என்று எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆக, எங்கே நெகிழ்வு வேண்டும்? உலகம் பலவிதமாக இருக்கிற இடத்தில். ஒரு வீட்டுக்குப் பின்னால் தண்டவாளம், இன்னொன்றுக்குப் பின்னால் ஏரி. அங்கே இடம் கொடுங்கள். குழுவில் ஒத்துப்போக முடியாத இடத்தில் எல்லாம் ஒரு பொத்தானை வைத்து எழுந்துபோகாதீர்கள்.

விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் பல வருஷம் போனவன் நான். விடைக்குறிப்பில் 'பொருத்தமான வேறு விடைக்கும் மதிப்பெண் தரலாம்' என்று ஒரு வரி இருந்துவிட்டால் போதும், ஒரே தாளுக்கு இந்த மேஜையில் ஐந்து, அடுத்த மேஜையில் இரண்டு. விதிமுறையில் கூடுதலாக வைக்கும் ஒவ்வொரு விருப்பமும் அந்த வரி மாதிரிதான். ஒரு நிறுவனம் ஒரு விதமாகப் படிக்கும், இன்னொன்று வேறு விதமாக. தாளை எழுதிய பிள்ளைக்குத்தான் நஷ்டம்.

ஐஈடிஎஃப் இதற்கும் ஒரு பரீட்சை வைத்திருக்கிறது. 2011-ன் ஆர்எஃப்சி 6410-படி, ஒரு விதிமுறை முழுத் தகுதி பெற, தனித்தனியாக எழுதப்பட்ட குறைந்தது இரண்டு மென்பொருள்கள் ஒன்றோடொன்று ஒத்துழைக்க வேண்டும். செய்பவருக்குச் சிக்கலைப் பெரிதாகக் கூட்டும், யாரும் உபயோகிக்காத அம்சம் எதுவும் அதில் இருக்கக்கூடாது. சேர்த்தவருக்கு மனத்தாங்கல் வருமே என்று அங்கே பார்ப்பதில்லை.

உங்களுக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம். அடுத்த கூட்டத்தில் யாராவது "இதையும் ஓர் ஆப்ஷனாக வைத்துவிடுவோம்" என்றால், "யாருக்கு?" என்று கேளுங்கள். ஓர் ஆளை, ஒரு வீட்டை, ஒரு தெருவைச் சொல்லட்டும். சொன்னால் சேருங்கள். 'எதிர்காலத்தில் யாருக்காவது' என்றால் அடித்துவிடுங்கள். பிறகு தேவைப்பட்டால் சேர்க்கலாம். ஒருமுறை உள்ளே வந்ததை வெளியே எடுப்பதுதான் கஷ்டம், அதை நம்பி எங்கோ ஒருவர் நிரல் எழுதியிருப்பார்.

அண்ணன் இப்போது நலம். செயலியை எடுத்துவிட்டோம். கதவில் ஒரு வெண்கல மணி கட்டியிருக்கிறேன். அதில் செட்டிங் ஏதும் இல்லை, ஆனால் கதவு திறந்தபின் அவர் எந்தப் பக்கம் போனார் என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அதைச் சொல்லும் ஒன்றை நீங்கள் செய்து கொடுங்கள். செய்யக்கூடியவர்கள் என்று தெரிந்துதான் திட்டுகிறேன்.