ஆட்சேர்ப்புப் பரீட்சையும் இரவல் விஞ்ஞானமும்

வடமராட்சியின் கல்வி வரலாற்றில் கரவெட்டிக்குள்ள இடம் விளக்கம் வேண்டாதது. விக்னேஸ்வராக் கல்லூரியின் மண் அது. பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி 1932 இல் பிறந்த ஊர் அது. அவ்வூரிலும் அயலிலுள்ள நெல்லியடி, உடுப்பிட்டி, பருத்தித்துறைப் பகுதிகளிலும் கலைப்பட்டம் பெற்றுவிட்டு அரச ஆட்சேர்ப்புப் பரீட்சைக்காகக் காத்திருக்கும் இளைஞர், யுவதிகள் பலர் இன்று ஒரு விசித்திரமான இடரில் அகப்பட்டிருக்கின்றனர். பதினாறு வயதில் கைவிட்ட விஞ்ஞானத்தை அவர்கள் இருபத்தாறு, இருபத்தேழு வயதில் மீட்டுப் படிக்க வேண்டியுள்ளது. அதிலே தவறொன்றுமில்லை. எந்தப் புத்தகத்தில், எந்தத் தமிழில் மீட்டுப் படிப்பது என்பதிலேதான் சிக்கல் தொடங்குகின்றது.

ஆட்சேர்ப்புப் பரீட்சைகளின் பொது அறிவு வினாத்தாளில் அரசியல், வரலாறு, பொருளாதாரம் ஆகியவற்றுடன் விஞ்ஞானமும் தொழினுட்பமும் இடம்பெறுவது வழமை. அங்கு எதிர்பார்க்கப்படுவது பெரும்பாலும் க.பொ.த. சாதாரண தர மட்டத்து அறிவேயாகும். விஞ்ஞானப் பிரிவில் படித்தவருக்கு அவ்வினாக்கள் ஒரு பொருட்டல்ல. தமிழும் வரலாறும் புவியியலும் படித்துப் பட்டதாரியானவருக்கோ அவை பத்தாண்டுகளுக்கு முன் மறந்துபோன பாடம். நாமும் கலைப்பீடத்தின் வழி வந்தவர்களாதலால் அம்மறதியின் ஆழத்தை நன்கறிவோம்.

2020 ஆம் ஆண்டில் ஐம்பதினாயிரம் பட்டதாரிகளை அரச சேவையில் உள்வாங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டபோது பலருக்குப் பட்டமே போதுமானதாயிருந்தது. 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் ஆட்சேர்ப்பு இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டது. வெற்றிடங்கள் குறையும்போது போட்டி கூடும். போட்டி கூடும்போது ஒரு வினாவின் பெறுமதியும் கூடும். பொது விஞ்ஞானத்தில் இழக்கப்படும் நான்கைந்து புள்ளிகள் ஒருவரது தொழில்வாழ்வையே நிர்ணயிக்கக் கூடும் என்ற நிலையில்தான் நாம் இவ்விடயத்தை நோக்க வேண்டியுள்ளது.

இப்பரீட்சார்த்திகள் கையிலெடுப்பது என்ன? பெரும்பாலும் தமிழ்நாட்டில் அச்சிடப்பட்ட 'பொது அறிவியல்' வினா விடைத் தொகுப்புகளையும், கையடக்கத் தொலைபேசியில் இலகுவாகக் கிடைக்கும் தமிழ்நாட்டுப் பயிற்சிக் காணொளிகளையுமே. அதற்குக் காரணமுமுண்டு. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 4 தேர்வுக்கு 2022 இல் மாத்திரம் இருபது இலட்சத்துக்கும் அதிகமானோர் விண்ணப்பித்தனர். அத்தகைய பெருஞ்சந்தையை நம்பி அங்கு நூல்கள் குவிகின்றன. இலங்கைத் தமிழ்மொழிமூலப் பரீட்சார்த்திகளை நம்பி அவ்வாறு நூல்வெளியிட எவரும் துணியார். ஆகவே கிடைப்பதைப் படிக்கின்றனர். அந்நூல்கள் தரமற்றவை என்று நாம் கூறவரவில்லை. அவை அங்குள்ள பரீட்சைக்கு எழுதப்பட்டவை. அங்குள்ள கலைச்சொற்களால் எழுதப்பட்டவை.

ஒட்சிசனை ஆக்சிஜன் என்றும், இலத்திரனை எலக்ட்ரான் என்றும், ஒளித்தொகுப்பை ஒளிச்சேர்க்கை என்றும் அங்கு எழுதுவர். இவற்றால் பெருந்தீங்கில்லை, சற்றுத் தடுமாறினாலும் பரீட்சார்த்தி ஊகித்துக்கொள்வார். உயிரியலில் நாம் கலம் என்பதை அங்கு செல் என்பர். யாழ்ப்பாணத்தில் முப்பதாண்டு வாழ்ந்த எவருக்கும் 'செல்' என்றதும் நினைவுக்கு வருவது உயிரியல் அல்ல என்பது வேறு விடயம்.

உண்மையான ஆபத்து, ஒரே சொல் இரு கரைகளிலும் வெவ்வேறு பொருளில் வழங்குமிடத்திலேயே உள்ளது. நமது பாடநூல்களில் ஒரு பொருளிலுள்ள சடத்தின் அளவு திணிவு. அதன்மீது புவி செலுத்தும் ஈர்ப்பு விசை நிறை. தமிழ்நாட்டுப் பாடநூலில் முன்னது நிறை, பின்னது எடை. அங்கே நிறை என்பது இங்கே திணிவு. இங்கே நிறை என்பது அங்கே எடை. இப்போது ஒரு சாதாரண வினாவை எண்ணிப் பார்ப்போம். புவியிலிருந்து சந்திரனுக்குக் கொண்டுசெல்லப்படும் பொருளொன்றில் மாறாதிருப்பது எது? தமிழ்நாட்டு நூலை வரிவரியாக மனனஞ்செய்தவர் 'நிலவில் நிறை மாறாது' என்று படித்திருப்பார். விடைகளுள் 'நிறை' என்பதைக் கண்டதும் தயக்கமின்றிப் புள்ளடியிடுவார். நமது வினாத்தாளில் அது பிழையான விடை. சந்திரனில் ஏறத்தாழ ஆறிலொன்றாகக் குறைவதே நம்முடைய நிறை. அவர் விஞ்ஞானத்தை அறியாதவரல்லர். கவனமாகப் படித்தார் என்பதாலேயே பிழைவிட்டார். படியாமல் ஊகித்தவருக்காவது தற்செயலாகப் புள்ளி கிடைத்திருக்கும்.

இவ்வாறே வேகம். நமக்குத் திசையற்றது கதி, திசையோடு கூடியது வேகம். அங்கே திசையற்றது வேகம், திசையோடு கூடியது திசைவேகம். அழுத்தமும் அவ்வாறே. அங்கே காற்றும் நீரும் ஏற்படுத்துவது அழுத்தம். நாம் அதனை அமுக்கம் என்கிறோம், அழுத்தம் என்ற சொல்லை மின்னியலுக்கு ஒதுக்கியுள்ளோம். இரசாயனத்தில் அமிலத்தை நடுநிலையாக்குவதை நாம் மூலம் என்போம், அதில் நீரில் கரைவதை மாத்திரம் காரம் என்போம். அங்கே முழுவதும் காரமே. நமது மூலகம் அங்கு தனிமம். நமது சேர்வை அங்கு சேர்மம்.

சக்தியும் வலுவும் இன்னொரு இடறுகல். தமிழ்நாட்டில் இவை ஆற்றலும் திறனுமாகும். மன்னார் தீவின் தம்பபவனி காற்றாலை ஏறத்தாழ நூறு மெகாவாற்றுக் கொள்ளளவுடையது எனும்போது நாம் குறிப்பிடுவது வலு. மாதாந்த மின்பட்டியலில் நாம் பணஞ்செலுத்தும் 'அலகு' ஒரு கிலோவாற்று மணித்தியாலம், அது சக்தி. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் எத்தனையோ அரச அறிக்கைகளே வெளிவருகின்றன என்பதால் பரீட்சார்த்தியை மாத்திரம் நொந்துகொள்வதில் பயனில்லை.

இப்பிளவு எவ்வாறு ஏற்பட்டது என்பதும் அறியத்தக்கது. தமிழில் நவீன விஞ்ஞானத்தைக் கற்பித்தல் யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. 1847 இல் இங்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மேலைத்தேய வைத்தியத்தைக் கற்பித்தார். அதற்கென மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 1936 இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாடு கூடியபோது அதற்குத் தலைமை வகித்தவர் மட்டக்களப்பு மண்ணின் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர். தமிழ் வழங்குமிடமெல்லாம் ஒரே சொல் வழங்க வேண்டுமென்ற நோக்கு அன்று இருந்தது. சுதந்திரத்தின் பின்னர் அங்கொரு பாடநூல் நிறுவனமும் இங்கொரு மொழித் திணைக்களமும் தனித்தனியே சொற்களை ஆக்கின. நம்மவர்கள் தமிழ் எழுத்தின் இயல்புக்கிசைய ஐதரசன், காபனீரொட்சைட்டு என்று ஒலிபெயர்த்தனர்; அங்கு கிரந்த எழுத்துகளுக்கு இடங்கொடுத்தனர். இவற்றுள் எது சிறந்தது என்ற வாதத்தில் நாம் இறங்கப்போவதில்லை. பரீட்சை மண்டபத்தில் அவ்வாதத்துக்குப் புள்ளியில்லை.

இது யாழ்ப்பாணத்துப் பட்டதாரிகளுக்கு மாத்திரமுரிய இடருமன்று. அக்கரைப்பற்றிலும் காத்தான்குடியிலும் மூதூரிலும் புத்தளத்திலும் தமிழ்மொழிமூலம் தோற்றும் முஸ்லிம் பரீட்சார்த்திகளுக்கும் மலையகத்தவருக்கும் வழங்கப்படுவது அதே தமிழ் வினாத்தாளே. பிழையும் பொதுவானது, இழப்பும் பொதுவானது. இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவான முதலாவது முஸ்லிமான ஏ.எம்.ஏ. அஸீஸ் வண்ணார்பண்ணையில் பிறந்து யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் பயின்றவர். 1948 முதல் 1961 வரை கொழும்பு சாஹிராக் கல்லூரியின் அதிபராக அவர் விளங்கினார். கரவெட்டியிலிருந்து சென்ற சிவத்தம்பி பயின்றதும் பின்னர் கற்பித்ததும் அக்கல்லூரியிலேதான். அஸீஸ் தோற்றிய காலத்துப் பரீட்சை ஆங்கிலத்தில் நடைபெற்றது. ஆங்கிலம் வாய்த்த சிலருக்கே அது திறந்திருந்தது. தமிழில் தோற்றும் உரிமை பின்னர் வந்தது. 1958 ஆம் ஆண்டின் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் அரச சேவைப் பரீட்சைகளுக்குத் தமிழில் தோற்ற நிபந்தனையுடன் இடமளித்தது. இன்று அரசியலமைப்பின் 22 ஆவது உறுப்புரையில் அவ்வுரிமை உள்ளது. தமிழில் தோற்றும் உரிமை என்பது, தான் பாடசாலையில் கற்ற தமிழில் தோற்றும் உரிமையாகவே பொருள்கொள்ளப்பட வேண்டும்.

எழுதுவினைஞருக்கும் நிருவாக உத்தியோகத்தருக்கும் விஞ்ஞானம் எதற்கு என்று கேட்போருமுளர். 2004 டிசம்பர் 26 இல் கடல் உள்வாங்கியபோது அதை வேடிக்கை பார்க்கச் சென்றவர்கள் மீளவில்லை என்பதைக் கரையோர மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். டெங்கு, வரட்சி, கிணற்று நீர் மாசு என்று பிரதேச செயலகத்தின் மேசைக்கு வரும் கோவைகளில் பாதி விஞ்ஞானமே. அதை வாசித்து விளங்கும் உத்தியோகத்தர் வேண்டும்.

அவ்வாறாயின் எதைப் படிப்பது? நமது பதில் மிகச் சாதாரணமானது. தரம் ஆறு முதல் பதினொன்று வரையான அரச விஞ்ஞானப் பாடநூல்களைப் படிக்க வேண்டும். கல்வி வெளியீட்டுத் திணைக்களம் அவற்றைத் தனது இணையத்தளத்தில் இலவசமாக வைத்துள்ளது. வீட்டில் தம்பி தங்கையர் இருந்தால் அச்சுநூலே கையிலிருக்கும். பட்டதாரிகள் பலருக்கு ஆறாந்தரப் புத்தகத்தைத் தொடக் கூச்சம். அக்கூச்சத்தின் விலை, நெல்லியடியில் ஒரு தொகுப்பு நூலுக்கும் ஒரு வகுப்புக்கும் கொடுக்கும் பணத்தைவிட அதிகம். பாடநூலை விளங்கிப் படித்தபின் தமிழ்நாட்டுக் காணொளியைப் பார்ப்பதில் தடையில்லை. அப்போது சொல் மாறினாலும் பொருள் மாறாது. முதலில் அதைப் பார்ப்பதுதான் கேடு.

படிக்கும் முறையும் கவனிக்கத்தக்கது. ஒற்றைவரி வினா விடைகளை ஆயிரக்கணக்கில் மனனஞ்செய்தல் நமது பட்டதாரிகளின் பழக்கமாகிவிட்டது. விஞ்ஞானம் அதற்கு எளிதில் வசப்படாது. காரணத்தோடு விளங்கினால் ஒரு விடயம் பத்து வினாக்களுக்கு விடையாகும். அதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. கரவெட்டியின் ஒரு வளவே போதும். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். மழைநீர் காபனீரொட்சைட்டைக் கரைத்து மென்னமிலமாகி அக்கல்லைக் கரைக்கின்றது. ஆகவே கிணற்று நீரில் சவர்க்காரம் நுரைக்க மறுக்கின்றது. அதே நீரைக் கொதிக்க வைத்தால் கேத்தலின் அடியில் வெண்படிவு தோன்றுகின்றது. நீரின் வன்மை, அமிலம், காபனேற்று, வீழ்படிவு என்று நான்கு பாடங்கள் ஒரு கேத்தலுக்குள் அடங்கிவிடுகின்றன. வெங்காயத் தோட்டத்துக்கு இடும் யூரியா அச்சுண்ணாம்புக்கல்லினூடாக நைத்திரேற்றாகக் கிணற்றை அடைகின்றது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. தாண்டினால் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவும் ஆற்றல் குன்றி உடல் நீலம்பாரிக்கும். நைதரசன் வட்டமும் குருதிச் சுற்றோட்டமும் இங்கே ஒன்றாகச் சந்திக்கின்றன.

பனையையும் விட்டுவிடலாகாது. முட்டிக்குச் சுண்ணாம்பு பூசினால் இறக்குவது கருப்பநீர், பூசாவிட்டால் கள். மதுவம் என்ற நுண்ணங்கி வெல்லத்தை அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுவதே நொதித்தல். சுண்ணாம்பின் காரத்தன்மை அதைத் தடுக்கின்றது. நம் சீவல்தொழிலாளி பரம்பரையாகச் செய்துவந்ததைப் பாடநூல் ஒரு பந்தியில் விளக்குகின்றது. புத்தளத்துப் பரீட்சார்த்திக்கு உப்பளம் உண்டு. ஆவியாதலும் பளிங்காதலும் அவரது கண்முன்னே நடக்கின்றன. இவ்வாறு கண்டு படித்ததை எந்த மண்டபத்திலும் எவரும் மறப்பதில்லை.

பரீட்சார்த்திகளுக்கு இவ்வளவு கூறிய நாம் பரீட்சைத் திணைக்களத்துக்கும் ஆட்சேர்ப்புச் செய்யும் அமைச்சுகளுக்கும் ஒன்று கூறியாக வேண்டும். தமிழ் வினாத்தாள் சிங்கள மூலத்தின் மொழிபெயர்ப்பாகவே அமைகின்றது, அம்மொழிபெயர்ப்பில் பொருள் குழம்புகின்றது என்ற முறைப்பாடு நெடுங்காலமாக உள்ளது. விஞ்ஞான வினாக்களில் அது இருமடங்கு ஆபத்தானது. பரீட்சையை அறிவிக்கும் வர்த்தமானியிலேயே, விஞ்ஞானக் கலைச்சொற்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களப் பாடநூல்களைப் பின்பற்றும் என்று ஒரு வரி சேர்ப்பதற்குச் செலவொன்றுமில்லை. கலைச்சொல்லின் அருகில் அதன் ஆங்கிலச் சொல்லை அச்சிடுவதற்கும் மேலதிக மை சிறிதளவே வேண்டும். திணிவு, நிறை போன்ற சொற்கள் வரும் வினாக்களையாவது சாதாரண தர விஞ்ஞானம் கற்பிக்கும் தமிழ் ஆசிரியர் ஒருவர் அச்சுக்கு முன் பார்வையிட வேண்டும். வடமராட்சியிலும் கிழக்கிலும் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்களுக்குப் பஞ்சமில்லை. உள்ளூர் நூலகங்களில் சனி, ஞாயிறு மாலைகளில் இப்பட்டதாரிகளுக்கு இரண்டு மணித்தியாலம் ஒதுக்குமாறு பிரதேச சபைகள் அவர்களைக் கேட்கலாம். அடுத்த வர்த்தமானி வெளிவரும்வரை காத்திராமல் இப்போதே கேட்கலாம்.