இருட்டுப் படம்

கார்த்திகைத் திங்களில் நம் சங்க மண்டபத்தில் நடைபெற்ற மாணவர் ஓவியக் காட்சியைப் பற்றி எழுதுமாறு அன்பர்கள் பலர் கேட்டனர். கண்டு களித்தோர் பலர்; அதனை அமைப்பதற்குள் நாங்கள் பட்ட பாட்டை அறிந்தோர் சிலரே. அவ்வரலாற்றில் என் பிழையொன்றும் கலந்திருக்கிறது. அதனை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

‘ஒளி’ என்பதே காட்சிக்கு நாங்கள் வைத்த பொருள். காளி பூசையின் விளக்குகள் அணைந்து, சந்தன்நகரத்து ஜகத்தாத்ரி பூசையின் மின்விளக்கு அலங்காரங்களும் ஓய்ந்து, நம் இல்லங்களில் அகல் ஏற்றும் நாள் நெருங்கும் பருவம் அது. பொருத்தமான தலைப்பு என்று மகிழ்ந்தோம். படங்கள் வந்து குவிந்த பின்னர்தான் தெரிந்தது, மாணவர்களுக்கு நாங்கள் கொடுத்தது தலைப்பு அன்று, விடை என்பது. பாதிக்கு மேல் குத்துவிளக்குகள்! ஐந்து முகமும் எரிகின்றன. சுற்றிலும் துடைப்பக் குச்சிகளைப்போல் மஞ்சட் கதிர்கள். சிலவற்றில் தந்தையாரின் கைவண்ணமும் கலந்திருந்தது. எட்டு வயதுச் சிறுவன் பித்தளையின் பளபளப்பை அத்துணை நேர்த்தியாகத் தீட்டினான் என்றால் நம்புவதற்கு நானும் ஒரு தந்தைதானே!

அக்குவியலில் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் படம் இருந்தது. ஏறத்தாழ முழுத்தாளும் கருமை. நடுவினின்று சற்று விலகி, ஒரு விரல் அகலத்துக்குச் செம்மஞ்சள் தீற்று. அதனையொட்டி ஒரு கன்னம், ஒரு மூக்குத்தி, ஒரு புத்தகத்தின் ஓரம். வேறொன்றுமில்லை. “ஒளியைக் கேட்டால் இந்தக் குழந்தை இருட்டை வரைந்திருக்கிறதே” என்றேன் நான். தீபத் திருநாளில் சுவரில் கறுப்பு வேண்டாம் என்றார் குழுவிலிருந்த அம்மையார் ஒருவர். படம் நாற்காலியின்மேல் ஒதுக்கி வைக்கப்பட்டது. ஒதுக்கி வைத்த கை என்னுடையது.

நம் குழந்தைகள் பலருக்கு ஓவியம் பயிற்றும் வங்காளி ஆசிரியர் ஒருவர் எங்களுக்குத் துணையாக வந்திருந்தார். குழந்தைகளைப் பார்த்து நாங்களும் அவரை ‘மாஸ்டர் மொஷாய்’ என்றே அழைப்போம். அவர் விளக்குப் படங்களையெல்லாம் தரையில் பரப்பி, “இவ்விளக்குகள் எதன்மேல் வெளிச்சம் வீசுகின்றன?” என்று கேட்டார். குனிந்து பார்த்தோம். ஒன்றன்மேலும் இல்லை. வெள்ளைத் தாளின் நடுவே விளக்குகள் தாமே எரிந்துகொண்டிருந்தன. அவற்றின் கீழே தரையில்லை, பின்னே சுவரில்லை, அருகே ஒரு முகமில்லை, எங்கும் நிழலென்பதே இல்லை. பிறகு நாற்காலியிலிருந்த படத்தை எடுத்து, “இதிலே மூன்று பொருள்கள்மேல் விழுகிறது” என்று மட்டும் சொல்லிச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

ஜோடாசாங்கோவில் வாழ்ந்த ககனேந்திரநாத் தாகூரை (1867–1938) அவர் நினைவூட்டியது அதன் பின்னர்தான். நாம் தினந்தோறும் டிராமிலும் பேருந்திலும் கடந்து செல்லும் இந்நகரத்து இரவை அவரைப்போல் கண்டவர் அரியர். தேவியின் திருவுருவை நீரில் கரைக்கும் இரவை அவர் ‘பிரதிமா விசர்ஜன்’ என்ற ஓவியமாகத் தீட்டினார். கூட்டத்தின் பெரும்பகுதி இருளில் கரைந்து நிற்க, விளக்குகளின் ஒளி அவ்விருளைத் துளைக்கிறது. பிற்காலப் படங்களிலோ, படிக்கட்டையும் தூணையும் அறையையும் ஒளி துண்டு துண்டாகப் பிளந்து அடுக்குகிறது. கருமை அவருக்கு வெறும் பின்புலமன்று. ஒளிக்கு வடிவம் கொடுக்கும் உளி.

மாஸ்டர் மொஷாய் மற்றொரு செய்தியும் சொன்னார். 1922 டிசம்பரில் இந்தியக் கீழைக் கலைச் சங்கம் இந்நகரில் நடத்திய காட்சிக்கு, ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்மையாரின் முயற்சியால், ஜெர்மனியின் வைமார் நகரிலிருந்த பௌஹௌஸ் பள்ளியின் ஓவியங்கள் கடல் கடந்து வந்தன. கிளே, காண்டின்ஸ்கி போன்ற ஆசிரியர்களின் படங்களோடு, அங்குப் பயின்றவர்களின் பயிற்சித் தாள்களும் வந்தன. ககனேந்திரரின் படங்களும் அதே காட்சியில் இடம்பெற்றன. பயிற்சித் தாளைக் கப்பலேற்றி அனுப்பவும் வாங்கிச் சுவரில் மாட்டவும் மனிதர் இருந்த ஊரில், ஒரு சிறுமியின் தாளை நாற்காலியில் வைத்த எனக்கு அப்பொழுது சற்றே முகம் சுருங்கியது.

நான் என் கட்சியை உடனே விட்டுவிடவில்லை. பார்ப்போருக்குப் புரியாதே என்றேன். அப்பொழுது குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர், மினர்வா அரங்கில் 1959ஆம் ஆண்டு உத்பல் தத் அரங்கேற்றிய ‘அங்கார்’ நாடகத்தைக் குறிப்பிட்டார். நிலக்கரிச் சுரங்கத்துள் வெள்ளம் ஏறுவதை, ஒரு துளி நீருமின்றி ஒளியைக் கொண்டே தாபஸ் சென் மேடையில் காட்டினாரே, அது யாருக்குப் புரியாமற் போயிற்று என்றார். அதற்குமேல் நான் வாய் திறக்கவில்லை.

பொதுவாக நாம் படங்களை வயதுவாரியாக மாட்டுவோம். பரிசு பெற்றவை வாயிலருகே இருக்கும். இம்முறை ஒரு பகலும் இரவும் செல்லும் வரிசையில் மாட்டினோம். வாயிலில் நண்பகல் வெயில், பிறகு மாலை, பிறகு தெருவிளக்கு, கடைசி மூலையில் அந்த இருட்டுப் படம். காரணம் எளியது. வெளிச்சத்திலிருந்து திடீரென்று இருளைப் பார்க்கும் கண் ஒன்றையும் காணாது. மெல்ல மெல்லப் பழகினால் காணும். மூலையிலிருந்த குழல்விளக்கை அணைத்து, சிறிய பல்பு ஒன்றை மட்டும் வைத்தோம். குத்துவிளக்குகளுள் ஒன்றைக்கூடத் தள்ளவில்லை. அனைத்தையும் ஒரே சுவரில் இடைவெளியின்றி நெருக்கி ஒட்டினோம். தனித்தனியே ஒன்றுபோலிருந்தவை, சேர்ந்தவுடன் கோயிற் பிராகாரத்துத் தீபவரிசையாயின. பெற்றோர்க்கும் மனக்குறையில்லை.

மேற்குச் சன்னல்களுக்குத் திரையிட்டோம். ஒளியைப் பற்றிய காட்சிக்கே ஒளி பகையாகும் விந்தையை அன்றுதான் பலர் அறிந்தனர். வெயில் பட்டால் நீர்வண்ணம் வெளிறும். ஸ்கெட்ச் பேனாவின் சாயம் அதனினும் விரைந்து மங்கும். அருங்காட்சியகங்களில் நீர்வண்ண ஓவியங்களுக்கு 50 லக்ஸ் அளவே வெளிச்சம் விடுவர். நம் படிப்பு மேசையின்மேல் விழுவது அதனைப்போல் பல மடங்கு. படங்களைச் சிறுவர் கண் மட்டத்தில் கட்டினோம். பெரியோர் குனிந்து பார்த்தனர். முதுகுவலி பற்றிய முறையீடுகளைப் பொருளாளர் கேட்டுக்கொண்டார்.

மாலைப் பகுதியில் கப்பலொன்று இருந்தது. அதன் கடல் வானத்தைக் காட்டிலும் ஆழ்ந்த நீலம். கடலின் நிறம் வானத்தின் பிரதிபலிப்புத்தானே, பையன் தவறாகத் தீட்டியிருக்கிறான் என்றார் அவன் தந்தையார். அவருக்கு நம்மவர் ஒருவரின் கதையைச் சொன்னேன். 1907இல் கணக்குத் துறை அதிகாரியாக இந்நகருக்கு வந்த ச. வே. இராமன், 1921ஆம் ஆண்டுக் கடற்பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு இதே கருத்தை ஐயுற்றார். நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என்று காட்டினார். நீர் செந்நிறத்தை உறிஞ்சுவதும் பெருங்காரணம் என்று அறிவியலார் இன்று கூறுவர். அந்த ஐயமே வளர்ந்து, பௌபஜார் வீதி 210ஆம் எண் கட்டடத்தில் 1928 பிப்ரவரி 28இல் இராமன் விளைவாகவும், 1930இல் நோபல் பரிசாகவும் முடிந்தது. தந்தையார் மகனைத் தட்டிக்கொடுத்தார். பையனோ, நீல வண்ணம் மிகுதியாக இருந்ததால் தீட்டினேன் என்றான்!

காட்சியன்று கடைசி மூலையில் கூட்டம் தேங்கிற்று. தேங்கியவர்கள் குழந்தைகள் அல்லர், அறுபதைக் கடந்தவர்கள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இந்நகரில் குடும்பம் நடத்தியவர்களுக்கு அந்தப் படத்தை விளக்க வேண்டியிருக்கவில்லை. ‘லோட்ஷெடிங்’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு ஏரிச் சந்தைப் பக்கத்து வீடுகளெல்லாம் ஒருங்கே இருண்ட இரவுகள். ஓர் அரிக்கேன் விளக்கைச் சுற்றிச் சமையலும் பாடமும் நடந்த இரவுகள். சிறுமி அவற்றைக் கண்டவளல்லள். தேர்வுக்கு முன்னிரவில் அவள் தந்தைக்குப் பாட்டி பாடம் சொல்லிக்கொடுத்த கதையைக் கேட்டு வரைந்திருக்கிறாள். கன்னமும் மூக்குத்தியும் பாட்டியுடையவை. அந்த அம்மையாரும் வந்திருந்தார். படத்தின் முன் நெடுநேரம் நின்று, “புத்தகத்தை நான் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன், எனக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே” என்று சொல்லிச் சிரித்தார்.

மறுநாள் படங்களைக் கழற்றினோம். தன் தாளை வாங்க வந்த சிறுமியிடம், முதலில் அதனை ஒதுக்கியவன் நான்தான் என்பதைச் சொன்னேன். அவள் அதனைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. “மாமா, அரிக்கேன் கண்ணாடியின் மேற்பக்கம் புகை படிந்து கறுத்திருக்குமாம். பாட்டி இப்பொழுதுதான் சொன்னாள். நான் அதை வரையவில்லை” என்று கூறி, படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள்.