களரிக்கு வழி என்ன?

2024ஆம் ஆண்டு ஜனவரியில் கிழக்கு மாகாண நிர்வாகம் திருகோணமலையில் எடுத்த பொங்கல் விழாவை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சம்பூரில் ஜல்லிக்கட்டு, நகரில் 1008 பொங்கற் பானைகள், நூற்றுக்கணக்கான நடனக் கலைஞர்கள் என மாவட்டமே களைகட்டியது. போரினால் நொந்த மக்கள் ஒன்றுகூடி மகிழ்ந்ததை நாம் குறைகூறவில்லை. ஆயினும் ஜல்லிக்கட்டு தமிழகத்திலிருந்து வந்த விருந்தாளி. வீட்டுக்காரரான கூத்தின் நிலை என்ன? ஆளுநர் செயலகம் அமைந்துள்ள ஓர்ஸ் ஹில்லை நோக்கியே இக்கேள்வியை எழுப்பவேண்டியுள்ளது.

மட்டக்களப்பில் வேரூன்றி, இம்மாவட்டத்தின் தம்பலகாமத்திலும் கொட்டியாரப்பற்றுக் கிராமங்களிலும் ஆடப்பட்டுவந்த கூத்து ஓர் இரவு நிகழ்ச்சியன்று. அண்ணாவியார் ஆளுக்கேற்ற பாத்திரத்தைத் தெரிந்து சட்டம் கொடுப்பார். மாதக்கணக்கில் பழக்கம் நடைபெறும். பின்னர் சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம். அதன் பின்னரும் வீட்டுக்கு வீடு ஆட்டம் உண்டு. உடுப்புக்கும் களரிக்கும் ஊரே செலவிடும். முகம்பாராத பங்காளிகளும் ஒரே மத்தளத்துக்கு ஆடியாகவேண்டும்! ஊரை ஊராகப் பிணைத்தது அரங்கேற்ற இரவைவிட இந்தப் பழக்க மாதங்களே என்பது எமது கணிப்பு.

அந்த மாதங்களைத்தான் போர் பறித்தது. சம்பூர் மக்கள் 2006இல் இடம்பெயர்ந்தனர். அவர்களுட் பலர் 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே தம் நிலத்தை மீண்டும் மிதித்தனர். முகாமில் வளர்ந்த பிள்ளைக்கு ஆட்டத்தை எவர் பழக்கியிருப்பார்?

கூத்தை மேடைக்குக் கொண்டுசென்றதில் தவறில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போர்’ கூத்தைச் சுருக்கிப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றியபோது, படித்தோர் இகழ்ந்த கலை மதிப்புப் பெற்றது. ஆனால் அவர் அண்ணாவிமாரை நாடிக் கிராமங்களுக்குச் சென்றார்; மாணவரை முறையாகப் பழக்கினார். இன்றைய கலாசார விழாக்களிலோ கூத்து வரவேற்பு நடனத்துக்கும் பிரமுகர் உரைக்கும் இடையே சில நிமிடங்களுள் அடங்கிவிடுகிறது. கிண்ணியா, மூதூர் முஸ்லிம் மக்களிடையே வழங்கும் களிகம்புக்கும் இதுவே கதி.

மாகாண சபையின் பதவிக்காலம் 2017இல் முடிவடைந்த பின்னர் இத்தகைய செலவினங்களைத் தீர்மானிக்கும் பொறுப்பு ஆளுநரின் நிர்வாகத்தைச் சேர்ந்தது. விருதும் பொன்னாடையும் வழங்குவதோடு அது அமையக்கூடாது. அண்ணாவியார் ஒருவருக்குப் பழக்க மாதங்களுக்கான கொடுப்பனவு, ஒரு மத்தளம், சதங்கைகள், பாடசாலை முடிந்தபின் மாலையில் ஒரு மைதானம்: ஒரு கிராமத்துக்குத் தேவைப்படுவது இவ்வளவே. அடுத்த பொங்கல் விழாவுக்கு நிதி ஒதுக்குமுன், தம்பலகாமத்திலும் கொட்டியாரப்பற்றிலும் சட்டம் கொடுக்கவல்ல அண்ணாவிமார் எத்தனைபேர் எஞ்சியுள்ளனர் என்பதை அதிகாரிகள் நேரிற் சென்று கணக்கெடுக்கட்டும்.