வரைபடம் அன்று, பிணைப்பு

இயக்க முறைமை பற்றித் தமிழில் எழுதப்படும் பாடக்குறிப்புகளில் 'மெமரி மேப்பிங்' என்பதற்கு 'நினைவக வரைபடம்', 'வரைபடமாக்கல்' என்னும் சொற்கள் பரவலாக வழங்குகின்றன. இவற்றைக் கைவிட வேண்டும் என்பதே என் வாதம். கலைச்சொற் சண்டை மொழியியல் படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று கணிப்பொறித் துறை நண்பர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இங்கே பிழைபட்டிருப்பது சொல் மட்டுமன்று. சொல்லின் வழியே மாணவர் மனத்தில் புகும் கருத்தும்தான்.

முதலில் பொருளைப் பார்ப்போம். இன்டெல் வழிவந்த செயலிகளில் சாதனங்களோடு பேசுவதற்கென்றே தனிக் கட்டளைகள் உண்டு. ரிஸ்க்-ஃபைவ் கட்டமைப்பில் அவை இல்லை. சென்னை ஐஐடியில் உருவாகி, 2018-இல் சிலிக்கானில் வார்க்கப்பட்ட 'சக்தி' செயலி இக்கட்டமைப்பைச் சேர்ந்தது. அதில் ஓர் எழுத்தை வெளியே அனுப்புவதற்கும் ஏதோ ஒரு முகவரியில் எழுதியாக வேண்டும். அம்முகவரிக்குப் பின்னால் நினைவகத்திற்குப் பதிலாகச் சாதனம் இருக்கும். கெர்னல் தன் பக்க அட்டவணையில் அதற்கான பதிவை இட்ட பின்னரே அந்த முகவரி செல்லுபடியாகும். லினக்ஸில் 'ஐஓரீமேப்' செய்யும் வேலை இதுவே.

இதில் வரைபடம் எங்கே இருக்கிறது? வரைபடம் என்பது ஏற்கெனவே உள்ள ஒன்றைக் காட்டுவது. அதைப் பார்ப்பதால் எதுவும் மாறாது. பக்க அட்டவணைப் பதிவோ ஓர் உரிமையை வழங்குகிறது. நான் இதை எழுதும் அலிபிரியில் இவ்வேறுபாட்டை விளக்க நூல் தேவையில்லை. திருமலைப் பாதையின் வரைபடத்தை யார் வேண்டுமானாலும் கையில் வைத்துக்கொள்ளலாம். அதற்காக இங்குள்ள சோதனைச் சாவடி வண்டியைச் சோதிக்காமல் விடுவதில்லை. நம் மாணவர்கள் தேர்வில் பக்க அட்டவணையை அம்புக்குறிகளோடு அழகாக வரைகிறார்கள். யார், யாருக்கு, எந்த எல்லைவரை, எழுதவா படிக்க மட்டுமா என்ற வினாக்கள் அப்படத்தில் எழுவதே இல்லை.

எழாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2012 டிசம்பரில் சான்று கிடைத்தது. சாம்சங் நிறுவனத்தின் எக்சினோஸ் 4210, 4412 செயலிகள் கொண்ட கேலக்சி எஸ் 2, நோட் 2 போன்ற கைபேசிகளில் 'எக்சினோஸ்-மெம்' என்றொரு சாதனக் கோப்பு இருந்தது. அதன் அனுமதி எண் 0666. அதாவது, எந்தச் செயலியும், நேற்று நிறுவிய விளையாட்டுங்கூட, அதைத் திறந்து பௌதிக நினைவகத்தைத் தன் முகவரிப் பரப்பிற்குள் கொண்டுவரலாம், கெர்னலையே திருத்தலாம். நிரலின் நுட்பப் பிழை என்று இதைச் சொல்லிவிட முடியாது. வழங்கக்கூடாத உரிமையை எல்லார்க்கும் வழங்கிய பிழை இது.

'நினைவகம்' என்ற முற்பாதியும் பாதிப் பொய்தான். சீரியல் போர்ட்டுக்குரிய 16550 சில்லை எடுத்துக்கொள்வோம். கற்பித்தலுக்கான எக்ஸ்வி6 கெர்னலில் அது பதினாறு நிலை எண்முறையில் 10000000 என்ற முகவரியில் அமர்ந்திருக்கிறது. அங்கே படித்தால் வந்துசேர்ந்த எழுத்து கிடைக்கும். எழுதினால் வேறோர் எழுத்து வெளியே போகும். ஒரே முகவரிக்குப் பின்னால் இரண்டு ரெஜிஸ்டர்கள்! தொல்காப்பியச் சொல்லதிகாரம் பல பொருள் தரும் ஒரு சொல்லை வினையால் வேறுபடுவது, வேறுபடாதது என்று இரண்டாகப் பகுக்கிறது. 'மா' பூத்தால் மரம், ஓடினால் விலங்கு. இம்முகவரி அதே இனம்: வினை தெரியாமல் பொருள் தெரியாது. அன்றியும், ஒரு முறை படித்த எழுத்து வரிசையை விட்டு நீங்கிவிடும். மறுமுறை படித்தால் அடுத்தது வரும். இதை நினைவகம் என்று நம்பும் கம்பைலர், இரண்டு வாசிப்பும் ஒன்றுதானே என்று ஒன்றை நீக்கிவிடலாம். ஆகவேதான் 'வாலட்டைல்' என்ற எச்சரிக்கை. கேஷ் பழைய மதிப்பையே திரும்பத் தரலாம். ஆகவேதான் ஆர்ம் கட்டமைப்பு, சாதனத்திற்குரிய பக்கங்களை இயல்பான நினைவகத்திலிருந்து தனி வகையாகப் பிரிக்கிறது.

'மேப்பிங்' என்றே விட்டுவிட்டால் போயிற்று என்பார் உண்டு. அவ்வாறு விட்ட வகுப்புகளிலும் மாணவர் வரைவது அதே படத்தைத்தான். ஒலியைக் கடன் வாங்கினால் கருத்து உடன் வந்துவிடாது. நான் முன்வைப்பது 'பிணைப்பு': முகவரிப் பிணைப்பு, சாதனப் பிணைப்பு. கணிதத்தில் வழங்கும் 'சார்பு' கருத்தளவில் பொருந்தும். ஆனால் சார்பை யாரும் செய்வதில்லை, நீக்குவதுமில்லை. கெர்னலோ இரண்டையும் செய்கிறது. 'ஐஓஅன்மேப்' என்பதை 'வரைபட நீக்கம்' என்று மொழிபெயர்த்துப் பாருங்கள், அபத்தம் தெரியும். பிணைப்பை அவிழ்க்கலாம். அவிழ்த்த பின்னும் டிஎல்பியில் பழைய பிணைப்பு தங்கியிருக்கக்கூடும், அதையும் துடைக்க வேண்டும் என்பது அப்போது இயல்பாகவே விளங்கும். அவிழ்த்த முகவரியைத் தொடர்ந்து பயன்படுத்தும் டிரைவர் ஏன் கெர்னலை வீழ்த்துகிறது என்பதும் விளங்கும். பிணை என்பதற்குப் பொறுப்பேற்றல் என்ற பொருளும் உண்டு. அது தற்செயலான ஆதாயம், மறுக்க மாட்டேன்.

வினாத்தாள் அமைக்கும் பேராசிரியர்களிடம் ஒரு கோரிக்கை. 'பக்க அட்டவணையைப் படத்துடன் விளக்குக' என்பதை ஓர் ஆண்டேனும் நிறுத்திவையுங்கள். மாற்றாக, ஒரு சாதனக் கோப்பின் அனுமதியையும் அதன் எம்மேப் செயற்கூறின் பத்து வரிகளையும் கொடுத்து, இது யாருக்கு எதை வழங்குகிறது என்று கேளுங்கள்.