இரண்டாம் கியர் ஏன் கரகரக்கிறது?

புக்கிட் செந்தோசாவிலிருந்து தெற்கே போனால் சுங்கை சோவில் பெரோடுவா தொழிற்சாலை. வடக்கே போய் பெர்ணம் ஆற்றைத் தாண்டினால் தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் தொழிற்சாலை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறோம் நாம். அப்படியிருந்தும், நம் தாமானில் ஒரு மாணவன் பழைய காருக்கு அடியில் படுத்துக் கைகளைக் கறுப்பாக்கிக்கொண்டால் வீட்டில் கேட்கும் வசனம் மாறுவதே இல்லை: "ஒழுங்கா படி, இல்லைன்னா போர்மேன் வேலைக்குத்தான் போவ!"

இந்த வசனத்தோடு எனக்கு உடன்பாடில்லை. படிப்பு ஒரு பக்கம், பட்டறை மறுபக்கம் என்று அது கோடு கிழித்துவிடுகிறது. அந்தக் கோடு அறிவியலில் இல்லை. பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் கியர்பாக்ஸைக் கழற்றிப் பழுதுபார்த்துத் திரும்பப் பூட்டும் வேலையை எடுத்துக்கொள்வோம். அதில் எவ்வளவு அறிவியல் இருக்கிறது என்று பாருங்கள், பிறகு சொல்லுங்கள்.

உங்களில் பலருக்கு 'இனிஷியல் டி' கதையால் அறிமுகமான டொயோட்டா ஏஇ86 காரையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். 1983இல் வெளிவந்த பின்சக்கர இயக்கக் கார் அது. அதன் ஐந்து கியர் பெட்டிக்கு டி50 என்று பெயர். நம் நாட்டில் பழைய கேஇ70 கொரோலா வைத்திருப்பவர்களிலும் சிலர் ஹாஃப்கட் கடைகளில் இந்தப் பெட்டியைத் தேடி வாங்கிப் பொருத்துகிறார்கள்.

இப்பெட்டியின் விகிதங்கள் இவை: முதல் கியர் 3.587, இரண்டாவது 2.022, மூன்றாவது 1.384, நான்காவது 1.000, ஐந்தாவது 0.861. பின் அச்சில் இன்னொரு 4.300. இரண்டாம் படிவ அறிவியலில் 'மொமென் டாயா' படித்தீர்களே, அதுதான் இங்கே சுழன்றுகொண்டிருக்கிறது. பற்சக்கரம் என்பது முடிவில்லாமல் சுற்றிவரும் நெம்புகோல். எஞ்சின் தரும் முறுக்குவிசை அதிகபட்சம் சுமார் 149 நியூட்டன் மீட்டர். முதல் கியரில் அதை 3.587 ஆலும் 4.3 ஆலும் பெருக்குங்கள். உராய்வு இழப்பைத் தள்ளிவைத்தால், சக்கரங்களுக்குப் போவது ஏறக்குறைய 2,300 நியூட்டன் மீட்டர். நின்ற காரை நகர்த்துவது அந்தப் பெருக்கல்தான்.

இலவசமாகக் கிடைத்ததா? இல்லை. வேகத்தைக் கொடுத்து விசையை வாங்கினோம். 185/60 அளவுள்ள 14 அங்குல டயரின் சுற்றளவு சுமார் 1.81 மீட்டர். எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 முறை சுழன்றால் முதல் கியரில் கார் மணிக்கு 21 கிலோமீட்டர்தான் ஓடும். அதே 3,000 சுழற்சியில் ஐந்தாம் கியரில் 88 கிலோமீட்டர். கணிப்பானை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள். நான்காம் கியரின் விகிதம் ஏன் சரியாக 1 என்றும் யோசியுங்கள். அதில் உள்ளே வரும் தண்டும் வெளியே போகும் தண்டும் நேராக ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கின்றன. விசை எந்தப் பற்சக்கரச் சோடி வழியாகவும் போவதில்லை.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். பழைய கியர்பாக்ஸைக் கழற்றுபவர்கள் அதிகம் சொல்லும் காரணம், "செகண்ட் கியர் போடும்போது கரகரங்குது" என்பதுதான். ஏன் அடிக்கடி இரண்டாவது?

இப்பெட்டிக்குள் முன்னோக்கிய கியர்களின் பற்சக்கரங்கள் எல்லாம் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே சுழல்கின்றன. நாம் 'கியர் போடுவது' என்பது, தளர்வாகச் சுற்றும் ஒரு பற்சக்கரத்தை வெளித்தண்டோடு பூட்டுவது. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழன்றால் பூட்ட முடியாது. பற்கள் மோதும். அந்த மோதல்தான் கரகரப்பு. 1928இல் அமெரிக்காவின் கேடிலாக் நிறுவனம் இதற்கொரு தீர்வோடு வந்தது. ஏர்ல் தாம்சன் என்பவர் உருவாக்கிய சிங்க்ரோமெஷ் அமைப்பு அது. டி50 போன்ற பெட்டிகளில் அந்த வேலையைச் செய்வது கூம்பு வடிவ உட்பக்கம் கொண்ட ஒரு பித்தளை வளையம். கியர் கம்பியைத் தள்ளியதும் வளையம் பற்சக்கரத்தின் கூம்பின்மேல் அழுந்துகிறது. வளையத்தில் உள்ள மெல்லிய வரிகள் எண்ணெய்ப் படலத்தை வெட்டி விலக்க, உராய்வு பற்சக்கரத்தின் வேகத்தைத் தண்டின் வேகத்துக்குக் கொண்டுவருகிறது. வேகங்கள் சமமாகும்வரை வளையத்தின் பற்கள் பூட்டை மறித்து நிற்கின்றன.

கணக்குப் போடுவோம். மூன்றாம் கியரில், எஞ்சின் 4,000 சுழற்சியில் ஓடிக்கொண்டிருக்கிறது. 4,000ஐ 1.384ஆல் வகுத்தால் வெளித்தண்டின் வேகம் 2,890. அந்நேரத்தில் தளர்வாகச் சுற்றும் இரண்டாம் கியர் பற்சக்கரத்தின் வேகம் 4,000 வகுத்தல் 2.022, அதாவது 1,978. இரண்டாம் கியருக்கு இறங்க வேண்டுமானால், அந்தச் சின்னப் பித்தளை வளையம் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் இந்த 900க்கும் மேற்பட்ட வித்தியாசத்தை அழிக்க வேண்டும். பற்சக்கரத்தை மட்டுமல்ல, அதோடு கோத்திருக்கும் இடைத்தண்டையும், உள்தண்டையும், கிளட்ச் தட்டையும் சேர்த்து 4,000லிருந்து 5,800க்கு மேல் விரட்ட வேண்டும். நான்கிலிருந்து மூன்றுக்கு இறங்கும்போது இதே கணக்கைப் போட்டால் சுமை குறைவாக இருப்பது தெரியும். நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து நாள் முழுவதும் இரண்டாம் கியருக்கே இறங்கும் காரில் எந்த வளையம் முதலில் தேயும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

தேய்ந்ததா என்று எப்படி அறிவது? கண்ணால் பார்த்து அல்ல. வளையத்தைக் கூம்பின்மேல் அழுத்திப் பிடித்து, இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். குறைந்தபட்ச அளவு தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும். அது பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே. "பார்த்தா நல்லாத்தான் இருக்கு" என்று பழைய வளையத்தையே போட்டு மூடுபவரை நான் நல்ல போர்மேன் என்று சொல்ல மாட்டேன். அளந்து எழுதிவைப்பவர் ஆய்வகத்தில் இருந்தாலும் பட்டறையில் இருந்தாலும் அறிவியலாளர்தான்.

வேதியியலும் உண்டு. கடையில் கியர் எண்ணெய் வாங்கப் போனால் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று இரண்டு வகை இருக்கும். எண் பெரியது என்பதால் ஐந்துதான் உயர்ந்தது என்று நினைப்பவர்கள் பலர். ஜிஎல்-5இல் கந்தகமும் பாஸ்பரசும் கொண்ட சேர்மங்கள் அதிகம். பின் அச்சின் எஃகுப் பற்களுக்கு அவை கவசம். ஆனால் பித்தளையில் இருப்பது செம்பும் துத்தநாகமும். சூட்டில் சில வகைக் கந்தகச் சேர்மங்கள் செம்பை அரிக்கும். அதனால்தான் பித்தளை வளையமுள்ள பழைய பெட்டிகளுக்குப் பொதுவாக ஜிஎல்-4 பரிந்துரைக்கப்படுகிறது. நான்காம் படிவ வேதியியலில் உலோகக் கலவை படிக்கும்போது இதை ஆசிரியரிடம் கேளுங்கள்.

இறுக்கமான பேரிங்கை அலுமினிய உறைக்குள் இறக்குவதும் அப்படித்தான். சுத்தியலால் அடிப்பவர் பேரிங்கைக் கெடுப்பார். உறையைச் சூடாக்குபவர் இயற்பியலைப் பயன்படுத்துவார். 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளையை 80 பாகை கூடுதலாகச் சூடாக்கினால் அது சுமார் 0.11 மில்லிமீட்டர் விரியும். ஒரு தலைமுடியின் தடிமன் அளவு. அது போதும், பேரிங் தானாக இறங்கிவிடும்.

சரி, மின்சாரக் கார் வந்துவிட்ட காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மின்மோட்டார் நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசை தருவதால் பெரும்பாலான மின்கார்களுக்கு ஒரே ஒரு விகிதம் போதும். கையால் கியர் போடும் கார்கள் குறைந்துகொண்டே போகும், அதை மறுக்கவில்லை. பழைய கார் மோகத்தைத் தூக்கிப் பிடிக்கவும் நான் எழுதவில்லை. பாகங்களுக்குப் பணம் போதாமல் வருடக்கணக்கில் போர்ச்சில் துணி மூடிக் கிடக்கும் கார்கள் நம் ஊரிலும் உண்டு. ஆனால் அந்த ஒரே விகிதமும் பற்சக்கரம்தான். 2021இல் வந்த பெரோடுவா அத்திவாவின் டி-சிவிடி பெட்டிக்குள் பெல்ட்டோடு கோள்வகைப் பற்சக்கரங்களும் இருக்கின்றன. பக்கத்து ஊர்த் தொழிற்சாலைகளில் நாளை இவற்றை வடிவமைக்கும் இடத்தில் நம் பிள்ளைகள் இருக்க வேண்டுமா, பூட்டும் வரிசையில் மட்டும் நிற்க வேண்டுமா என்பதே என் கவலை. பெண்பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வீட்டில் இறங்குபவர்களுக்குச் சில கண்டிப்பான வார்த்தைகள். பெரியவர் துணையில்லாமல் தொடாதீர்கள். ஜேக் மட்டும் தாங்கும் காருக்கு அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம். கியர்பாக்ஸைத் தனியாக இறக்க முயலாதீர்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் குண்டும் கண்ணை நோக்கித் தெறிக்கக்கூடியவை, கண்ணாடி அணியுங்கள். பாகங்களைப் பெட்ரோலில் கழுவ வேண்டாம்.

பழைய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றுவது தனிக் குற்றம். பயன்படுத்திய மசகெண்ணெய் நம் நாட்டுச் சட்டப்படி எஸ்டபிள்யூ 305 என்ற குறியீடு கொண்ட அட்டவணைக் கழிவு. நம் கால்வாய்கள் சிலாங்கூர் ஆற்றுக்குப் போகின்றன. 2020 செப்டம்பரில் ரவாங்கில் சுங்கை கோங் மாசுபட்டு, நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, நாள்கணக்கில் வாளியோடு நின்றது மறந்திருக்காது. எண்ணெயை மூடியுள்ள கலனில் ஊற்றி, பழைய எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

கார் இல்லாதவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. பழைய கன்சில் ஒன்றின் கியர்பாக்ஸை ஒவ்வொரு இடைநிலைப்பள்ளியின் ஆர்பிடி பட்டறையிலும் திறந்து வைக்கலாம் என்பது என் யோசனை. இரும்புக் கடையில் எடைக்கு வாங்கக்கூடிய பொருள்தானே. பற்களை எண்ணுங்கள், ஒவ்வொரு சோடிக்கும் விகிதம் போடுங்கள், கையால் உள்தண்டைச் சுற்றி வெளித்தண்டு எத்தனை சுற்று வருகிறது என்று சுண்ணக்கட்டியால் கோடு போட்டுப் பாருங்கள். உங்கள் எண்ணும் கையேட்டின் எண்ணும் ஒத்துவரவில்லையென்றால், கையேடு தவறு என்று முடிவு கட்டுவதற்கு முன் பற்களை இன்னொரு முறை எண்ணுங்கள்.